புல்வெளித் தீயின் மீத்தேன்: ஒரு நாட்டின் ஆண்டுவாரிக் கணக்கைப் போடுவது எப்படி

ஒரு நாட்டில் புல்வெளி எரிந்து ஆண்டுக்கு எவ்வளவு மீத்தேன் வெளியாகிறது என்று இணையத்தில் தேடினால், பத்து நிமிடத்தில் ஒரு கோட்டுப்படம் கிடைத்துவிடும். தலைவலி அதற்குப் பிறகுதான். “இந்த ஆண்டு மட்டும் ஏன் கோடு இப்படித் துள்ளுகிறது?” என்று விரிவுரையாளரோ அலுவலக மேலாளரோ கேட்டால் பதில் இருக்காது. தீ கூடியதா, செயற்கைக்கோள் மாறியதா, பெருக்கிய எண் மாறியதா என்பதை அந்தப் படம் சொல்லாது.

முதன்முறை இந்தக் கணக்கைப் போடப்போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. பாலிடெக்னிக்கில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்பவராக இருக்கலாம். உமிழ்வுக் கணக்கு பார்க்கும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எக்செல் தெரிந்தால் போதும், மற்றதை வழியில் பழகிக்கொள்ளலாம். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: கோடு வளைந்தால், தீ மாறியதால் வளைய வேண்டும். நடுவில் நீங்கள் அளவுகோலை மாற்றியதால் வளையக் கூடாது.

எடுத்துக்காட்டுக்குக் கானாவை எடுத்துக்கொள்கிறேன். அதன் வடபகுதி சவன்னா நிலம், அதாவது இடையிடையே மரங்கள் உள்ள புல்வெளி; ஆண்டு தவறாமல் எரிகிறது. சிங்கப்பூர் அரசு கார்பன் கிரெடிட் தொடர்பாக 2024 மே மாதம் கானாவுடன் உடன்பாடு கையெழுத்திட்டிருப்பதால், இங்கே இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டின் பெயர் மறுபடி மறுபடி கண்ணில் படும்.

“சிங்கப்பூரையே எடுத்துக்கொண்டால் என்ன?” என்று கேட்காதவர் இல்லை. எடுத்துப் பாருங்கள், பூஜ்யம்தான் வரும். மழை இல்லாத பிப்ரவரி, மார்ச்சில் லாலாங் புல் பற்றிக்கொள்வதும் குடிமைத் தற்காப்புப் படையினர் வந்து அணைப்பதும் நமக்குத் தெரிந்த காட்சிதான். ஆனால் நாம் பயன்படுத்தப்போகும் செயற்கைக்கோள் தரவில் ஒரு பிக்சலின், அதாவது படத்தின் ஒரு சதுரத்தின், பரப்பு 21 ஹெக்டருக்கும் மேல். அந்தக் கண்ணுக்குத் தீவு முழுவதுமே ஏறக்குறைய 3,400 பிக்சல். சாலையோரத்தில் காற்பந்துத் திடல் அளவு புல் எரிந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே பூஜ்யம் வந்தால் உங்கள் கணக்கு தவறு என்று பயப்பட வேண்டாம்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்

எந்த நிலம், எந்த ஆண்டுகள், எந்த அலகு ஆகிய மூன்றையும் முதல் நாளே எழுதி ஒட்டிவையுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு: “கானாவில் புல்வெளி, சவன்னா, மரச்சவன்னா எரிந்து வெளியான மீத்தேன், 2003 முதல், டன்னில்.”

புகைமூட்டத்தை இதோடு கலக்காதீர்கள். சிங்கப்பூரில் ‘தீப்புகை’ என்றதும் மனம் சுமத்ராவுக்குப் போய்விடும். அங்கே எரிவதில் கணிசமான பங்கு பீட் நிலம், அதாவது மக்காத தாவரக் கழிவு அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பு மண். அது நாள்கணக்கில் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தரும் எண்களின்படி வெப்பமண்டலப் பீட் ஒரு கிலோ எரிந்தால் 21 கிராம் மீத்தேன். புல் ஒரு கிலோ எரிந்தால் 2.3 கிராம். ஒன்பது மடங்கு வித்தியாசம். பீட் தீ ஒரு சொட்டு கலந்தாலும் உங்கள் புல்வெளிக் கணக்கு கெட்டுவிடும்.

கரியமில வாயுவை ஏன் விட்டுவிடுகிறோம் என்று யாராவது கேட்பார்கள். எரிந்த புல் அடுத்த மழைக்கு மீண்டும் முளைத்து, வெளியான கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பதால் புல்வெளிக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அப்படித் திரும்புவதில்லை.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

கைக்காசு செலவழிக்காமல் முடிக்கலாம். வேண்டியவை இவை:

- நாசாவின் எர்த்டேட்டா கணக்கு. இலவசம், பதிவு செய்யப் பத்து நிமிடம். இது இல்லாமல் செயற்கைக்கோள் கோப்பு எதுவும் இறங்காது.
- வரைபடத் தரவைத் திறந்து பார்க்கவும் கணக்கிடவும் கியூஜிஐஎஸ் மென்பொருள். இலவசம். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதும்.
- நாட்டின் எல்லைக் கோப்பு. கீழே உள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டு எடுங்கள்.
- 2006ஆம் ஆண்டின் ஐபிசிசி வழிகாட்டி நெறிமுறைகள், 4ஆம் தொகுதி, 2ஆம் அத்தியாயம். பிடிஎஃப் இலவசம். அதில் 2.27ஆம் சமன்பாடும் 2.4, 2.5, 2.6ஆம் அட்டவணைகளும்தான் உங்களுக்கு வேண்டும். மொத்தம் ஏழெட்டுப் பக்கம், அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
- கூகுள் எர்த் எஞ்சின் கணக்கு. செயற்கைக்கோள் தரவை இறக்காமல் இணையத்திலேயே கணக்கிடும் சேவை. கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் வேலை பாதியாகும்.

காசு செலவாகாவிட்டாலும் மாட்டிக்கொள்ளும் இடம் உரிமம். எர்த் எஞ்சின் படிப்புக்கும் வணிகமற்ற ஆய்வுக்கும் இலவசம். நிறுவனத்தின் கட்டணப் பணிக்கு அந்த இலவசக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. ‘கேடம்’ எல்லைக் கோப்பும் அப்படியே, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. மாணவராக இருந்தபோது திறந்த கணக்கில் அலுவலக வேலையைச் செய்து அறிக்கையும் அனுப்பிவிட்டுப் பிறகு விழிப்பது நடக்கிற காரியம். அலுவலக வேலை என்றால் ‘நேச்சுரல் எர்த்’ எல்லையை எடுங்கள். அது பொதுச்சொத்து, யாரையும் கேட்க வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பான எல்லைக் கோடுதான், ஆனாலும் நாடளவுக் கணக்குக்குப் போதும்.

3. முதலில் ஆயத்த எண்ணை எடுத்துப் பாருங்கள்

சொந்தமாகக் கணக்கிடுவதற்கு முன், ஐநா உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளத்தில் ‘தீயால் உமிழ்வு’ பிரிவுக்குப் போய், நாட்டைத் தேர்ந்து, மீத்தேனையும் எரிந்த பரப்பையும் சேர்த்து இறக்குங்கள். அரை மணி நேர வேலை. பரப்பையும் இறக்காவிட்டால் பின்னால் ஒப்பிட வழியில்லாமல் போகும்.

இங்கே மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

‘சவன்னா தீ’ என்ற மொத்த வரிக்குள் சவன்னா, மரச்சவன்னா, அடர்புதர், திறந்த புதர், புல்வெளி என ஐந்து உட்பிரிவுகள் உண்டு. எல்லாவற்றையும் டிக் செய்து எக்செல்லில் கூட்டினால் கணக்கு இரட்டிப்பாகும். மொத்தத்தை எடுங்கள், அல்லது உட்பிரிவுகளை எடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

வரிசை 1990இலிருந்து தொடங்கும். ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு அந்தச் செயற்கைக்கோள் தரவே கிடையாது. பிந்தைய ஆண்டுகளின் சராசரியை வைத்து நிரப்பியிருப்பார்கள். 1990 முதல் 1995 வரை ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் விஷயம். அந்தத் தட்டையான துண்டையும் சேர்த்துப் போக்குக்கோடு வரைந்து, ‘1996க்குப் பிறகு தீ நிலையிழந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நிலையிழந்தது ஒன்றுமில்லை, அளக்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது அலகு. பழைய கோப்புகளில் ஜிகாகிராம் என்றும் புதியவற்றில் கிலோடன் என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே: 1,000 டன்.

மேலோட்டமான ஒப்பீடு மட்டும் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை. மாதவாரியாக, மாநிலவாரியாக, அல்லது பருவத்தின் முன்பாதி பின்பாதி என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் மேலே போங்கள்.

4. எரிந்த பரப்பை எடுப்பது

நாம் எடுக்கப்போவது நாசாவின் எம்சிடி64ஏ1. மோடிஸ் கருவி பார்த்ததை வைத்து மாதத்துக்கு ஒரு கோப்பாக வருவது. 2000 நவம்பரிலிருந்து கிடைக்கிறது. ஆனாலும் 2003இலிருந்து தொடங்குங்கள். மோடிஸ் இரண்டு செயற்கைக்கோள்களில் இருக்கிறது: டெரா 1999 டிசம்பரில் போனது, அக்குவா 2002 மே மாதம் போனது. அதற்கு முன் பார்த்தது ஒற்றைக் கண். 2001 ஜூனில் அந்த ஒற்றைக் கண்ணும் சில நாள் மூடிக் கிடந்தது. முதல் இரண்டு ஆண்டுகளைச் சேர்க்கும் ஆசையில் வரிசையின் தலையிலேயே ஒரு பள்ளத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

எடுக்கும் வழிகள் மூன்று.

கோப்புகளை நேரடியாக இறக்கலாம். உலகம் சதுர ஓடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கானாவின் கெடுவாய்ப்பு, கிரீன்விச் கோடும் 10 பாகை வட அட்சக்கோடும் அந்த நாட்டுக்குள்ளேயே சந்திக்கின்றன. ஓடுகளின் மூலையும் அதே இடம்தான். அதனால் எச்17வி07, எச்17வி08, எச்18வி07, எச்18வி08 என நான்கு ஓடுகளும் வேண்டும். மாதம் நான்கு, ஆண்டுக்கு 48, இருபது ஆண்டுக்கு 960 கோப்புகள். ஒரு ஓட்டை மறந்தால் நாட்டின் ஒரு மூலை எரியாதது போலவே காட்டும், பிழைச்செய்தி எதுவும் வராது. முதல் மாதத்தைக் கியூஜிஐஎஸ்ஸில் விரித்து, எல்லைக் கோட்டுக்குள் நான்கும் இடைவெளியின்றி நிரம்பியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது வழி, நாசாவின் ‘ஆப்பியர்ஸ்’ சேவை. எல்லைக் கோப்பை ஏற்றி, அடுக்கையும் காலத்தையும் குறித்தால், வெட்டித் தயாராக்கி மின்னஞ்சலில் தெரிவிக்கும். சில மணி நேரம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். இருபது ஆண்டையும் ஒரே கோரிக்கையில் போடாமல் ஐந்தைந்து ஆண்டாகப் போடுங்கள்; ஒன்று தடுமாறினாலும் மற்றவை நிற்கும். வந்ததை அன்றே இறக்கிவிடுங்கள், அங்கே வெகுநாள் கிடக்காது. புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

மூன்றாவது எர்த் எஞ்சின். வேகம். ஆனால் ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் 463.3 மீட்டர் என்று நீங்களே எழுத வேண்டும். ஓடவில்லை என்று அதை 5,000 ஆக்கினால் கணக்கு சட்டென்று ஓடும், விடையும் தவறாக வரும்.

கோப்பைத் திறந்ததும் ‘எரிந்த நாள்’ அடுக்கில் எண்கள் தெரியும். 1 முதல் 366 வரை இருந்தால் ஆண்டின் அந்த நாளில் எரிந்தது என்று பொருள். 0 எரியவில்லை. கழித்தல் 2 நீர்நிலை. கழித்தல் 1தான் முக்கியம்: தரவு போதவில்லை, பார்க்க முடியவில்லை. அதை 0 என்று எண்ணிவிட்டால் மேகமூட்டமான மாதமெல்லாம் தீயில்லாத மாதமாகிவிடும். கானாவின் வடக்கில் எரியும் காலம் வறண்ட காலம் என்பதால் பாதிப்பு குறைவு. தெற்கே கடலோரம் போகப் போகக் கூடும். மாதந்தோறும் கழித்தல் 1 பிக்சல்கள் எத்தனை என்று தனி நெடுவரிசையில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, நெட்டாண்டு. 60ஆம் நாள் என்பது 2023இல் மார்ச் 1, 2024இல் பிப்ரவரி 29. மாத எல்லையை நாள் எண்ணால் பிரிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

எரிந்த பிக்சல்களை எண்ணி, ஒன்றுக்கு 21.47 ஹெக்டர் என்று பெருக்குங்கள். பக்கம் 463.31 மீட்டர், அதன் வர்க்கம். பெயர் 500 மீட்டர் தரவு என்பதால் 25 ஹெக்டர் என்று போடுகிறவர்கள் பரப்பை 16 விழுக்காடு ஊதிவிடுகிறார்கள். இந்த 21.47 கூட, கோப்பு மூலத் திட்டப்படத்தில், அதாவது சைனசாய்டலில், இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆப்பியர்ஸில் ‘அட்சம்-தீர்க்கம்’ தேர்ந்தெடுத்து இறக்கியிருந்தால் பிக்சலின் பரப்பு வடக்கே போகப் போகச் சுருங்கும். ஆகவே இறக்கும்போதே மூலத் திட்டப்படத்தைத் தேர்ந்துவிடுங்கள்.

5. புல்வெளியை மட்டும் பிரிப்பது

எரிந்ததெல்லாம் புல் இல்லை. நெல்வயலில் தாள் கொளுத்தினாலும் காடு எரிந்தாலும் அதே கோப்பில்தான் இருக்கும். பிரிக்க எம்சிடி12கியூ1 என்ற நிலப்போர்வைக் கோப்பு, அதாவது எது காடு, எது வயல், எது புல் என்று காட்டும் கோப்பு, உதவும். ஆண்டுக்கு ஒன்று, 2001இலிருந்து, அதே பிக்சல் அளவு. அதிலுள்ள ஐஜிபிபி என்ற நிலவகைப் பட்டியலில் 8 மரச்சவன்னா, 9 சவன்னா, 10 புல்வெளி. 12ஆம் எண் வயல், அதை விடுங்கள்; பயிர்க்கழிவு எரிப்பு வேறு தலைப்பில் போகிறது.

எரிந்த ஆண்டின் நிலப்போர்வையை எடுக்காமல் அதற்கு முந்தைய ஆண்டினதை எடுங்கள். தீ பட்டுக் கருகிய நிலம் அந்த ஆண்டின் வகைப்பாட்டையே குழப்பியிருக்கலாம். அடுத்து, 8க்கும் 9க்கும் இடையில் ஒரே பிக்சல் ஆண்டுக்கு ஆண்டு ஊசலாடும். மரம் ஒரே ஆண்டில் வந்து அடுத்த ஆண்டில் போய்விடுவதில்லை. வகைப்படுத்தும் முறையின் தடுமாற்றம் அது. ‘மரச்சவன்னாத் தீ மட்டும்’ என்று தனிக்கோடு போட்டால் இந்த ஊசலாட்டம்தான் கோடாக வரும். 8, 9, 10 மூன்றையும் ஒரு கூடையில் போட்டுவிடுங்கள்.

6. ஹெக்டரை டன்னாக மாற்றுவது

கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சமன்பாடு எளிது: எரிந்த பரப்பு × ஒரு ஹெக்டரில் இருந்த உலர் எரிபொருள் × அதில் எரிந்துபோன பங்கு × உமிழ்வுக் காரணி (ஒரு கிலோ எரிந்தால் எத்தனை கிராம் மீத்தேன்) ÷ 1,000. விடை டன் மீத்தேன்.

உமிழ்வுக் காரணி 2.5ஆம் அட்டவணையில்: சவன்னா, புல்வெளிக்குக் கிலோவுக்கு 2.3 கிராம், கூட்டல் கழித்தல் 0.9. அந்த 0.9ஐ விட்டுவிடாதீர்கள். 1.4 முதல் 3.2 வரை எதுவும் சாத்தியம் என்று அதற்குப் பொருள். வேறு காரணி அட்டவணைகளும் உண்டு, 1.94 என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

2.4ஆம் அட்டவணையில் உலர் எரிபொருள் ஹெக்டருக்கு எத்தனை டன் என்று தேடினால், வெப்பமண்டலப் புல்வெளிக்கு இரண்டு எண்கள் கிடைக்கும்: வறட்சிக்காலத் தொடக்கத்தில் எரிந்தால் 2.1, நடுவிலோ கடைசியிலோ எரிந்தால் 5.2. பக்கத்திலேயே ‘எல்லாப் புல்வெளிகளும்’ என்று 10.0 இருக்கும். பலரும் கைவைப்பது அதில்தான். அந்தச் சராசரியை மேலே இழுத்துப் பிடித்திருப்பது வெப்பமண்டல மேய்ச்சல்நிலத்தின் 23.7. உங்கள் நாட்டில் காட்டை வெட்டி உண்டாக்கிய மேய்ச்சல்நிலம் எரிகிறது என்று தெரிந்தால் ஒழிய அந்த 10.0ஐத் தொட வேண்டாம். கானா வடக்குக்கு அது ஏறக்குறைய இருமடங்கு மிகை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று. 2.4ஆம் அட்டவணையின் எண்கள் ஏற்கெனவே எரிந்துபோன அளவைச் சொல்கின்றன. எரிபொருளும் எரிந்த பங்கும் பெருக்கப்பட்டுவிட்டன. அது தெரியாமல் 2.6ஆம் அட்டவணையிலிருந்து 0.74, 0.92 என்ற பங்கை எடுத்து மறுபடியும் பெருக்கினால், தொடக்கப் பருவத்துக்கு 26 விழுக்காடும் பிந்தைய பருவத்துக்கு 8 விழுக்காடும் காணாமல் போகும். 2.6ஆம் அட்டவணை, களத்தில் புல்லை அறுத்து உலர்த்தி எடைபோட்ட சொந்த எரிபொருள் அளவு வைத்திருப்பவர்களுக்கு. நமக்கு வேண்டாம்.

ஒரே ஒரு பிக்சலை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் எரிந்தது:

21.47 ஹெக்டர் × 5.2 டன் = 111.6 டன் புல்
111.6 × 2.3 கிலோ = சுமார் 257 கிலோ மீத்தேன்

(ஒரு கிலோவுக்கு 2.3 கிராம் என்பதும் ஒரு டன்னுக்கு 2.3 கிலோ என்பதும் ஒன்றே. இப்படி மாற்றி வைத்துக்கொண்டால் பூஜ்யங்கள் வழுக்காது.)

அதே பிக்சல் நவம்பரில் எரிந்திருந்தால் 21.47 × 2.1 × 2.3 = சுமார் 104 கிலோ. அதே நிலம், அதே தீ. மாதம் மட்டும் வேறு, விடை பாதிக்கும் கீழே. ஆண்டு மொத்தத்தை ஒரே எண்ணால் பெருக்கினால் எதை இழக்கிறோம் என்பதற்கு இதுவே போதும்.

கைப்பழக்கத்துக்கு ஒரு பருவத்தை வைத்துக்கொள்வோம்: 100,000 ஹெக்டர் எரிந்தது, அதில் 40,000 தொடக்கத்தில், 60,000 பிறகு. எரிந்த புல் 84,000 + 312,000 = 396,000 டன். மீத்தேன் 911 டன். எல்லாமே பிந்தைய பருவத்தில் எரிந்திருந்தால் 1,196 டன் ஆகியிருக்கும். எரிந்த பரப்பு ஒரு ஹெக்டர்கூடக் குறையாமல் மீத்தேன் கால்வாசி குறைகிறது. புல் முழுதாகக் காய்வதற்குள் ஆங்காங்கே முன்கூட்டியே கொளுத்திவிடும் திட்டங்கள் வடஆஸ்திரேலியாவில் கார்பன் கிரெடிட் பெறுவதன் அடிப்படைகளில் இதுவும் ஒன்று. அங்கே ஆகஸ்ட் 1ஐக் கோடாக வைத்திருக்கிறார்கள். கானாவில் எரியும் காலம் நவம்பரில் தொடங்குவதால் டிசம்பர் 31 வரை ‘தொடக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கோடு உங்கள் முடிவு. எங்கே போட்டீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள், ஆண்டுக்கு ஆண்டு நகர்த்தாதீர்கள்.

ஒரு குறை இருக்கிறது. பாதி ஈரமான புல் கொழுந்துவிட்டு எரியாமல் புகையும்; புகைந்தால் கிலோவுக்கு மீத்தேன் கூடும். ஐபிசிசி அட்டவணை இரு பருவத்துக்கும் ஒரே 2.3ஐத்தான் தருகிறது. ஆகவே மேலே வந்த ‘கால்வாசி குறைவு’ கொஞ்சம் தாராளமான எண். முன்கூட்டியே எரிப்பதை விற்பனைப் பேச்சாக்க வருபவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

7. கரியமில வாயு இணையாக்குதல்

மீத்தேனின் வெப்பமூட்டும் திறனைக் கரியமில வாயுவின் டன்னாகச் சொல்ல, அதை எத்தனையால் பெருக்குவது? 1995ஆம் ஆண்டு ஐபிசிசி அறிக்கையில் 21, 2007இல் 25, 2013இல் 28. 2021இல் புல் போன்ற உயிர்மூலத்துக்கு 27, புதைபடிவ மூலத்துக்கு 29.8. எல்லாம் நூறாண்டு அளவுகோல். பாரிஸ் உடன்பாட்டின்கீழ் நாடுகள் அளிக்கும் அறிக்கைகளில் 28. நீங்களும் 28 வையுங்கள்: 911 டன் என்பது சுமார் 25,500 டன் இணை.

பழைய அறிக்கையிலிருந்து 21ஆல் பெருக்கிய எண்களையும் புதிய அறிக்கையிலிருந்து 28ஆல் பெருக்கியவற்றையும் ஒரே நெடுவரிசையில் ஒட்டினால், ஒரு புல்கூட எரியாமல் கோடு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அதனால் எப்போதும் மீத்தேன் டன்னையே மூலமாக வைத்திருங்கள், இணையாக்குவதைக் கடைசி நெடுவரிசையில் மட்டும் செய்யுங்கள்.

8. ஆண்டா, பருவமா

கானாவின் தீக்காலம் புத்தாண்டைத் தாண்டுகிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் ஒரு பருவத்தின் வாலும் அடுத்த பருவத்தின் தலையும் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த இரு பருவங்களில் ஒன்று கடுமை, ஒன்று மிதம் என்றால் ஆண்டுக் கணக்கில் இரண்டும் சராசரியாகிப் போகும். ஐநா காலநிலை அமைப்புக்குப் போகும் தேசியக் கணக்கு காலண்டர் ஆண்டில்தான் இருக்கும். தீயைப் புரிந்துகொள்ள ஜூலை முதல் ஜூன் வரை வேண்டும். மாதவாரி அட்டவணை கையில் இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். மாதத்தை அழித்துவிட்டு ஆண்டு மொத்தத்தை மட்டும் சேமித்தவர் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரே பருவத்தில் ஒரே பிக்சல் இரண்டு முறை எரிந்ததாக வந்தால் சந்தேகப்படுங்கள். மழை வராமல் புல் முளைக்காது. எரிய அங்கே என்ன இருக்கிறது? முதல் தேதியை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்குங்கள்.

9. அனுப்புவதற்கு முன் சரிபார்ப்பு

உங்கள் எரிந்த பரப்பை ஃபாவோஸ்டாட் பரப்போடு ஒப்பிடுங்கள். எண் அப்படியே பொருந்தாது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள். பரப்பு பொருந்தி மீத்தேன் பொருந்தவில்லை என்றால், தவறு 6ஆம் படியில்.

தீப்புள்ளிகளின் எண்ணிக்கையை எரிந்த பரப்புக்குப் பதிலாக வைக்காதீர்கள். சிங்கப்பூரில் உள்ள ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம் வெளியிடும் தீப்புள்ளித் தகவல் நமக்குப் பழக்கமானது என்பதால் இந்தத் தவறு இங்கே எளிதாக நடக்கும். தீப்புள்ளி என்பது செயற்கைக்கோள் கடந்துபோன நிமிடத்தில் எரிந்துகொண்டிருந்த இடம். மதியம் பற்றி மாலைக்குள் அணைந்துவிடும் புல்தீயை அது தவறவிடும். மூன்று நாள் புகையும் ஒரே தீயை மூன்று முறை எண்ணும்.

எம்சிடி64ஏ1 சிறு தீக்களைத் தவறவிடும் என்பதையும் எழுதியே ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டுக்குச் சஹாராவுக்குத் தெற்கே, இன்னும் நுணுக்கமாகப் படமெடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களை வைத்துப் பார்த்தபோது எரிந்த பரப்பு 80 விழுக்காடு கூடுதலாக வந்தது. உலகத் தீ உமிழ்வுத் தரவுத்தளத்தின் புதிய பதிப்பான ஜிஃபெட்5 தரவும் 2001 முதல் 2020 வரை உலக அளவில் 93 விழுக்காடு கூடுதல் என்கிறது. ஆகவே உங்கள் எண் கீழ்வரம்பு. போக்கைக் காட்ட அது போதும், ‘இவ்வளவுதான்’ என்று அடித்துச் சொல்லப் போதாது. ஆனால் நடுவில் ஒரு ஆண்டிலிருந்து ஜிஃபெட்5க்குத் தாவாதீர்கள். மாறுவதென்றால் முழு வரிசையையும் மாற்றுங்கள்.

வரிசையின் கடைசியிலும் ஒரு கவனம் வேண்டும். டெராவும் அக்குவாவும் எரிபொருள் குறைந்து பழைய பாதையிலிருந்து நகர்ந்துவிட்டன. கடந்துபோகும் நேரமும் மாறிவருகிறது. மாற்றாக, மோடிஸுக்கு அடுத்து வந்த விர்ஸ் கருவியின் விஎன்பி64ஏ1 உண்டு, 2012 மார்ச்சிலிருந்து. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஆண்டுகளை அருகருகே வைத்து வித்தியாசத்தை இப்போதே குறித்து வையுங்கள். மோடிஸ் நின்ற பிறகு ஒப்பிடப் புதிய ஆண்டு எதுவும் கிடைக்காது.

நாட்டின் அரசு அறிக்கையோடு ஒப்பிடும்போது தலைப்பைக் கவனியுங்கள். பழைய ஆவணங்களில் ‘சவன்னா எரிப்பு’ வேளாண்மைக்குள் இருக்கும். 2006 நெறிமுறைப்படி எழுதியவற்றில் 3சி1சி என்ற எண்ணில் புல்வெளி எரிப்பு என்று வரும். வயல் எரிப்பு 3சி1பி. ஒரே எழுத்து வித்தியாசம், தவறான வரியை எடுப்பது எளிது.

10. எத்தனை நாளாகும்

கணக்குகள் திறந்து ஃபாவோஸ்டாட் எண்ணை எடுக்க ஒரு மாலை. ஆப்பியர்ஸ் கோரிக்கைகளுக்கு இரண்டு மூன்று நாள். அந்த நேரத்தில் அட்டவணைகளைப் படித்து எந்தக் காரணி என்று முடிவெடுங்கள். பிக்சல் எண்ணி மாதவாரி அட்டவணை ஆக்க, கியூஜிஐஎஸ் புதிதென்றால், இரண்டு வாரயிறுதி. எக்செல்லில் பெருக்க ஒரு மணி நேரம். சரிபார்க்க இன்னொரு வாரயிறுதி, அதைக் குறைக்காதீர்கள். கடைசிப் பருவத்தை உடனே எதிர்பார்க்க வேண்டாம்; எம்சிடி64ஏ1 குறைந்தது இரண்டு மாதம் பின்தங்கியே வரும். மார்ச் வரை முழுப் பருவமும் வேண்டுமென்றால் ஒப்படைக்கும் தேதியை ஜூனுக்குத் தள்ளிக் கேளுங்கள்.

ஒப்படைக்கும் எக்செல்லில் முதல் தாளை எண்களுக்குக் கொடுக்காதீர்கள். தரவின் பெயரும் பதிப்பும், இறக்கிய தேதி, எல்லைக் கோப்பு, நிலவகை 8-9-10, தொடக்கப் பருவம் டிசம்பர் 31 வரை, 2.1, 5.2, 2.3, 28, கழித்தல் 1 பிக்சல்களை என்ன செய்தீர்கள் ஆகியவை பத்துப் பன்னிரண்டு வரியில் அங்கே இருக்கட்டும். மாத நெடுவரிசையை ‘உரை’ வடிவில் வையுங்கள். இல்லாவிட்டால் 11-12 என்று நீங்கள் எழுதிய பருவத்தை எக்செல் தானாகவே ஒரு தேதியாக மாற்றிவைத்துவிடும்.